வென்ரிமில்லியாவுக்கு மேலே ஒரு பாதை

மகளுக்கு வேலை நிரந்தரமான வருடம், எங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று அவள் முடிவெடுத்தாள். எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு மண்டபம் எடுத்து விருந்து வைக்கலாம் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வேறு விதமாக யோசித்திருந்தாள். பிரான்சின் தென்கரையில் நீஸ் நகரத்தில் இறங்குவது. அங்கே ஒரு கார் எடுத்து, கடலோரமாகவே இத்தாலிக்குள் போய், பிறகு வடக்கே மலைக்குள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிய இடத்துக்கே திரும்புவது. பத்து நாள். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து, போகிற வழியை ஒரு நீலக் கோடாகக் காட்டினாள்.

என் கணவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பிறம்ரனில் இருந்து மொன்றியலுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் டிரக் ஓட்டுகிறவர். கிழமையில் ஐந்து நாளை வீதியிலேயே கழிப்பவருக்கு லீவு நாளில் ஸ்டியரிங்கைத் தொடவே விருப்பமிருக்காது. கடைக்குப் போவதென்றாலும் சாவியை மகளிடம் கொடுத்துவிடுவார். அதைவிட, கலியாணம் கட்டிய நாளில் இருந்து ஐரோப்பா என்ற பேச்சுக்கே அவர் இடங்கொடுத்ததில்லை. பாரிசில் நடந்த என் தம்பியின் கலியாணத்துக்கு என்னைத் தனியாகத்தான் அனுப்பினார். அந்தப் பக்கத்தால் வந்தவர் அவர் என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பை விட்டுப் புறப்பட்டு, ரஷ்யா, உக்ரைன், இத்தாலி, பிரான்ஸ் என்று, ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப, பதினொரு மாதத்துக்குப் பிறகு ரொறன்ரோவில் இறங்கியவர். அப்படி வந்தவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர். சிலர் கொண்டாட்டங்களில் அதைக் கதைகதையாகச் சொல்வார்கள். சிலர் வாயே திறக்கமாட்டார்கள். இவர் இரண்டாவது வகை. நானும் கேட்டதில்லை.

ஆனால் அன்று அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நீலக் கோட்டைக் கன நேரம் பார்த்தார். பிறகு பிரான்சும் இத்தாலியும் சேரும் இடத்தில் விரலை வைத்தார்.

“உதிலை ஒரு நாள் நிண்டு போவம்.”

“அங்கை ஒண்டும் இல்லை அப்பா. போடர் ரவுண். எல்லாரும் சும்மா பாஸ் பண்ணிப் போற இடம்,” என்றாள் மகள்.

“பரவாயில்லை. நிப்பம்.”

நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். எதுவும் தோன்றவில்லை. அவர் சம்மதித்ததே பெரிய காரியமாக இருந்தது.

நீசில் எங்களுக்குக் கிடைத்தது கியர் மாற்றி ஓட்டும் சின்னக் கார். மகளுக்கு அது ஓட்டத் தெரியாது. ஆகவே பத்து நாளும் அவரே ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கீழே கடல். நடுவில் இரண்டு கார் ஒதுங்கிப் போகத்தான் இடமிருந்தது. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது வந்தது. மே மாதம், வெய்யில் நன்றாக எறித்தது. மதில்களுக்கு மேலால் எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. மகள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தபடி வந்தாள். ஐம்பது அடி நீளமான வண்டியை ஒற்றைக் கையால் பின்னுக்கு எடுக்கிறவர் இந்தச் சின்னக் காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மகள் பாட்டுப் போட்டாள். “வேண்டாம், நிப்பாட்டு,” என்றார்.

எல்லைக்குக் கிட்ட வந்தபோது எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சுப் பொலிஸ் நின்று வாகனங்களை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களை யாரும் மறிக்கவில்லை. கொஞ்சத் தூரம் தாண்டியதும், வீதியோரமாக ஆறேழு ஆபிரிக்க இளைஞர்கள் இத்தாலியப் பக்கமாக நடந்து போனார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, தலையைக் குனிந்தபடி.

“ஏன் அவையள் நடந்து போகினம்?” என்று மகள் கேட்டாள்.

“பிடிச்சுத் திருப்பி விட்டிருப்பாங்கள். நாளைக்குப் பேந்து வருவினம்,” என்றார் அவர்.

அதைச் சொன்ன விதத்தில் நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று எல்லையை அடுத்த இத்தாலிய நகரமான வென்ரிமில்லியாவில் தங்கினோம். காலையில் நான் எழும்பியபோது அவர் சப்பாத்துப் போட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். “மேலை மலைக்கு ஒருக்காப் போட்டு வருவம்,” என்றார். கோப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். தனக்கு வேண்டாமென்றார்.

எல்லைக்கு மேலே மலைச் சரிவில் ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிச் சுற்றி ஏறும் ஒடுங்கிய வீதி அதன் தேவாலயத்துக்கு முன்னால் முடிந்துபோகும். அங்கே காரை விட்டுவிட்டு அவர் நடக்கத் தொடங்கினார். வழி கேட்கவில்லை. ஆனால் தெரிந்தவர் போலவும் நடக்கவில்லை. இரண்டு இடத்தில் நின்று, திரும்பி வந்து, வேறு பக்கம் போனார். கடைசியில் வீடுகளுக்குப் பின்னால் ஒலிவ் மரங்களுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை தெரிந்தது. கற்களில் யாரோ வெள்ளைப் பெயின்ற்றால் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

பாதை நெடுகிலும் சாமான்கள் கிடந்தன. தண்ணீர்ப் போத்தல்கள், ஒற்றைச் சப்பாத்து, மழையில் ஊறிக் காய்ந்த ஜக்கெற், துண்டு துண்டாகக் கிழித்த கடதாசிகள். ஒரு கம்பளி முள்ளில் மாட்டிக் கிழிந்து தொங்கியது. மகள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். கீழே கடலோரத்தில் ரயில் பாதையும் வீதியும் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தன. மலையின் மறுசரிவு பிரான்ஸ்.

இருபது நிமிடம் நடந்திருப்போம். பாதை ஒரு பாறையைச் சுற்றி ஒடுங்கியது. பாறைக்கு மறுபக்கம் கிடங்கு, செங்குத்தான பள்ளம். அவர் அங்கே நின்றார். கையால் பாறையைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

“இந்த இடந்தான்,” என்றார்.

“என்ன இடம்?”

“அஜக்ஸ் அக்கான்ரை தம்பியை நான் விட்ட இடம்.”

ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸ் நகரில் இருப்பதால் அஜக்ஸ் அக்கா என்று நாங்கள் சொல்லும் அந்த அம்மாவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். எங்களுக்குச் சொந்தமில்லை. அவருடைய தம்பியும் என் கணவரும் உக்ரைனில் ஏஜென்சிக்காரரின் ஒரே அறையில் நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தவர்கள். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இத்தாலி வரைக்கும் வந்தது தெரியும். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அக்கா கனடாவுக்கு வந்த பிறகு ஒவ்வொருவராக விசாரித்து விசாரித்து, கடைசியில் என் கணவரைக் கண்டுபிடித்தார். மல்வேர்னில் நாங்கள் அப்போது இருந்த அப்பார்ட்மென்ற்றுக்கு, கைப்பையில் ஒரு படத்தோடு வந்தார். நீலத் திரைக்கு முன்னால் எடுத்த ஸ்டுடியோப் படம். புதுச் சேட்டு, படிய இழுத்த தலைமயிர்.

என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “மிலான் ரயில் ஸ்ரேசனிலை பிரிஞ்சிட்டம் அக்கா. பொலிஸ் வந்தது. ஆளுக்கொரு பக்கமா ஓடினனாங்கள். பேந்து நான் காணேல்லை.”

அன்றிலிருந்து அக்கா மிலானில்தான் தம்பியைத் தேடினார். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. நான்தான் எழுதிக்கொடுத்தேன். மிலானின் ஆஸ்பத்திரிகள், தேவாலயங்கள், வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிகள் என்று எத்தனை கடிதங்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, எங்கள் மேசையில் அக்காவோடு இருந்து எழுதுவேன். இவர் பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்ப்பார். ஒருமுறை அக்கா தன் மகனோடு மிலானுக்கே போனார். ஒரு கிழமை முழுக்க அந்த ஸ்ரேசனைச் சுற்றிப் படத்தைக் காட்டிக் காட்டி நடந்தார். திரும்பி வந்தபோது கால் வீங்கியிருந்தது. நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

அதெல்லாம் என் மனதில் ஓட, நான் நின்றபடியே அவர் சொன்னதைக் கேட்டேன்.

ஐந்து பேர் வந்தார்களாம். வழி காட்டியவன் ஒரு வெளிநாட்டுக்காரன். வெளிச்சம் வருவதற்கு முன் எல்லையைக் கடக்க வேண்டும். மழை பெய்து பாதை வழுக்கியது. இந்தப் பாறையடியில் அக்காவின் தம்பி சறுக்கிக் கீழே போனான். கன தூரம் இல்லை, இரண்டு ஆள் உயரம். இவரும் இன்னொருவரும் இறங்கித் தூக்கி வந்தார்கள். கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வழிகாட்டி நேரத்தைக் காட்டினான். விட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் இங்கேயே நில்லுங்கள் என்று கையால் சொல்லிவிட்டு நடந்தான். மற்ற மூவரும் அவன் பின்னால் போனார்கள்.

“நான் கொஞ்சம் நிண்டனான். என்ரை சுவெற்றரைக் கழட்டி அவனுக்குப் போட்டுவிட்டனான். தண்ணிப் போத்தலும் வைச்சனான். ஆளை அனுப்புறன் எண்டு சொன்னனான்.”

“அனுப்பினனீங்களோ?” என்று மகள் கேட்டாள்.

“இல்லை.”

“வை நாட், அப்பா? அங்கை இறங்கின உடனை ஆருக்கும் சொல்லியிருக்கலாமே. ஒரு போன் கோல். ஜஸ்ற் வன் கோல்.”

“பொலிசுக்குச் சொன்னா எங்களையும் பிடிச்சுத் திருப்பி விடுவாங்கள் எண்டு பயம். ரெண்டு நாள் கழிச்சுப் பாரிசிலை ஏஜென்சிக்காரனைக் கேட்டனான். அவனைப் பொலிஸ் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டுதாம், யோசிக்காதை எண்டான். நான் அதை நம்பினனான்.” பிறகு தானே திருத்திச் சொன்னார்: “நம்பினனான் எண்டு சொல்லேலாது. அதுக்கு மேலை கேக்கேல்லை.”

மகள் வந்த வழியே திரும்பிக் கொஞ்சத் தூரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நான் முகவரி எழுதிய கடித உறைகள்தான் கண்ணுக்கு முன் நின்றன.

“அக்கா மிலானுக்குப் போகேக்கையாவது சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

“அப்ப பத்து வருசம் போட்டுது. முதல் நாள் சொல்லாததைப் பேந்து எப்பிடிச் சொல்லுறது?”

மூவரும் வந்த வழியே இறங்கினோம். ஊருக்குத் திரும்பும் வழியில் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லைப் பக்கத்து ஆட்களுக்குப் பிரெஞ்சு தெரியும். மகள் ஸ்காபரோவில் பிரெஞ்சு மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளே போய்க் கதைத்தாள். அந்தப் பெண் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். இந்தப் பாதையில் விழுந்து செத்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு என்றாளாம். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெயர் தெரியாதவர்களைக் கீழே நகரத்துச் சவக்காலையில்தான் அடக்கம் செய்வார்கள், அங்கே கேளுங்கள் என்றாள்.

சவக்காலையின் அலுவலகத்தில் ஒரு நடுவயது மனிதர் இருந்தார். மகள் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டக் காட்ட அவர் பொறுமையாக வாசித்தார். எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டார். என் கணவர் திகதியைச் சொன்னார், நாளும் கிழமையுமாக. அந்த மனிதர் உள்ளே போய் ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தோடு வந்தார். அந்தக் குளிர்காலத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆண். இளவயது. பத்திரங்கள் இல்லை. எல்லைப் பாதைக்குக் கீழே, பள்ளத்தில், வேட்டைக்குப் போனவர்கள் கண்டார்கள். அவ்வளவுதான்.

“எங்கை இருக்கு?” என்று என் கணவர் தமிழிலேயே அவரைக் கேட்டார்.

அந்த மனிதருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். எழுந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சொந்தக்காரர் இல்லாத குழிகளைக் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு தோண்டி, எலும்புகளை ஒரு பொது அறையில் சேர்த்துவிடுவார்களாம். அந்த அறைக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கல் இருந்தது. கல்லில் பெயர் எதுவும் இல்லை, ஒரு சிலுவை மட்டும். அது அவன்தான் என்று சொல்ல யாராலும் முடியாது. அவன் இல்லை என்று சொல்லவும் முடியாது. என் கணவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றார். அந்த மனிதர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

பயணத்தை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அறைகள் பதிவாகியிருந்தன, திரும்பும் விமானம் ஏழு நாள் கழித்துத்தான். அவர் ஓட்டினார், நாங்கள் இருந்தோம். ஜெனோவா வரைக்கும் கடலோரமாகப் போய், பிறகு மலைக்குள் ஏறினோம். சுரங்கத்துக்குள் புகுவது, வெளியே வந்தால் பாலம், மறுபடி சுரங்கம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சள் பூ பூத்திருந்தது. உச்சியில் பனி கரையாமல் கிடந்தது. இப்போது நினைத்தால் அவை அழகான இடங்கள்தான். அப்போது எனக்குக் கண்ணில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. மகள் தகப்பனோடு கதைப்பதை விட்டிருந்தாள். “லெஃப்ற், ரைற்” என்று வழி மட்டும் சொல்லுவாள்.

மலையின் ஒரு கணவாயில், ஆட்டு மந்தை வீதியைக் கடக்கவென்று காரை நிறுத்தினார். மகள் இறங்கிப் போய் வேலியில் சாய்ந்து நின்றாள். ஆடுகள் போய் முடிந்த பிறகும் அவர் காரை எடுக்கவில்லை.

“அக்காட்டைச் சொல்லவேணும் எண்டு நீர் நினைக்கிறீரோ?”

“நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்,” என்றேன்.

அவர் சரியென்று தலையை ஆட்டினார். நான் அதை இன்னும் கொஞ்சம் இரக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்ததுண்டு. ஆனால் அன்று என்னிடம் இருந்தது அதுதான்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி இரண்டாவது சனிக்கிழமை அஜக்ஸுக்குப் போனோம். நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் வழக்கம்போல நெரிசல். நெருங்க நெருங்க அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

பயணக் கதை சொல்ல வந்திருக்கிறோம் என்று அக்கா நினைத்திருந்தார். மேசையில் வடையும் தேத்தண்ணியும் வைத்திருந்தார். இவர் கதிரையில் இருக்கவில்லை.

“அக்கா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்,” என்று தொடங்கி, நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“சுளுக்கோ, முறிவோ?”

“முறிவு, அக்கா.”

“கத்தினவனோ?”

“இல்லை. சத்தம் கேட்டா எல்லாரும் பிடிபடுவம் எண்டு சேட்டுக் கையைக் கடிச்சுக்கொண்டு இருந்தவன்.”

“நீர் வெளிக்கிடேக்கை என்ன சொன்னவன்?”

“நீ போ எண்டு சொன்னவன்.” அவர் நிறுத்தினார். முகம் மாறியது. “இல்லை அக்கா. அப்பிடிச் சொல்லேல்லை. விட்டிட்டுப் போகாதை எண்டுதான் சொன்னவன்.”

அக்கா கண்ணை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உமக்கு உது தெரியுமோ?”

“இல்லை அக்கா. இப்பதான்.”

அதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. “நான் மிலானிலை ஏழு நாள் நடந்தனான்,” என்றார், எங்கள் இருவருக்குமாக. பிறகு, “வெளிக்கிடுங்கோ,” என்றார். சத்தம் போடவில்லை. நாங்கள் வெளியே வந்து காருக்குள் ஏறும்வரை கதவு திறந்தபடியே இருந்தது.

அந்தக் கோடையும் இலையுதிர் காலமும் வீட்டில் பெரிய பேச்சு இல்லை. அவர் வேலைக்குப் போனார், வந்தார். சாப்பாடு குறைந்தது. நான் என் வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் மனிதர்களிடம் காட்டிய பொறுமையை வீட்டில் காட்ட என்னால் முடியவில்லை. ஒரு நாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்: “நான் அந்தக் கடிதங்களை எழுதேக்கை உங்களுக்கு என்னெண்டு ரீவி பாக்க ஏலுமா இருந்தது?” அவர் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். “நான் ரீவி பாக்கேல்லை,” என்றார். “நீர் வாசிச்சுக் காட்டிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனான்.”

மகள்தான் முதலில் இளகினாள். அவள் அந்தச் சவக்காலை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். எலும்பைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பல பேருடைய எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, பிரித்தெடுக்க வழியில்லை, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அதை அச்சடித்து, தமிழில் தானே தட்டுத்தடுமாறி எழுதிய ஒரு துண்டோடு அக்காவுக்குத் தபாலில் அனுப்பினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். “நான் ஸொறி எண்டு எழுதினனான். வேறை தெரியேல்லை,” என்றாள்.

தை மாதத்தில் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

“அந்தத் திகதி என்ன?”

சொன்னேன். எழுதுகிற சத்தம் கேட்டது.

“ஏறக் கடினமான இடமோ?”

“கொஞ்சம் கடினந்தான் அக்கா. இருபது நிமிசம். மெல்ல ஏறலாம்.”

“எனக்கு முழங்கால் சரியில்லை,” என்றார். “அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவரோ எண்டு கேட்டுச் சொல்லும். மகனைக் கேக்கேல்லை. அவனுக்கு இடம் தெரியாது.”

அடுத்த மே மாதம் அக்காவும் நாங்கள் இருவருமாகப் போனோம். அதே நீஸ், அதே கடலோர வீதி. அக்கா முன் ஆசனத்தில் இருந்தார், நான் பின்னால். வழி முழுக்க இவரோடு அவர் பேசியது நாலைந்து வார்த்தை இருக்கும். தண்ணீர் தாரும், மெல்லப் போம், அவ்வளவுதான். கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லை தாண்டியபோது, “இதுதானோ?” என்று கேட்டார். “ஓம் அக்கா,” என்றார் இவர்.

இருபது நிமிடப் பாதைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. இவர் முன்னால் போய், காலை எங்கே வைப்பதென்று காட்டிக் காட்டிப் போனார். ஏற்றமான இடங்களில் கையை நீட்டினார். முதல் இரண்டு தடவை அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறினார். மூன்றாவது இடத்தில் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அக்கா இவருடைய கையைப் பிடித்தார்.

பாறையடிக்கு வந்ததும் இவர் காட்டினார்: “இதிலை இருந்தவன். முதுகை இதிலை சாய்ச்சுவிட்டனான்.”

அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்தார். முதுகைப் பாறையில் சாய்த்து, ஒரு காலை நீட்டி, மற்றதை மடித்துக்கொண்டார். இளைப்பு ஆறியதும் கேட்டார்.

“அண்டைக்கு நீர் எந்தப் பக்கத்தாலை போனனீர்?”

“இப்பிடியே மேலை, அக்கா.”

“போம்.”

இவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அண்டைக்குப் போன மாதிரியே போம். எவ்வளவு நேரம் அவன்ரை கண்ணுக்கு நீர் தெரிஞ்சிருப்பீர் எண்டு நான் பாக்கவேணும்.”

அவர் நின்றார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. திரும்பி நடந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், முன்பைவிட மெலிந்திருந்தார், சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பாதை ஒரு செடிக்கூட்டத்தைச் சுற்றி மேலே போகிறது. அந்த வளைவில் அவர் மறைந்தார். கற்கள் உருளும் சத்தம் கொஞ்சம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அக்கா அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். உட்காரலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பாறையின் நிழல் அவருடைய மடியில் இருந்து காலடிவரை நீண்டது. கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“இவ்வளவு காணும். அவரை வரச் சொல்லும்.”

நான் வளைவுவரை போய்ப் பார்த்தேன். அவர் அதற்கு அப்பால் ஒரு கல்லில், முகத்தை இரண்டு கையாலும் பொத்தியபடி இருந்தார். தோளில் தொட்டு எழுப்பினேன். கலியாணம் கட்டிய பிறகு அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தபோது அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“கெதியா மறைஞ்சிட்டீர்,” என்றார்.

அவ்வளவுதான். எழுந்திருக்க உதவும்படி என்னிடம் கையை நீட்டினார்.

சவக்காலையில் அந்தக் கல்லின் மேல் பூ வைத்து, ஊரில் இருந்து வரவழைத்த திருநீற்றைத் தூவினார். தேவாரம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி இடையில் விட்டுவிட்டார். அங்கிருந்த பெயர் தெரியாத எல்லாருக்குமாகச் செய்தேன் என்று பின்னர் சொன்னார். வெளியே வந்து காரில் ஏறும்போது, “பசிக்குது. எங்கையாவது சாப்பிடுவம்,” என்றார். கடலோரத்தில் ஒரு கடையில் மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம்.

அக்கா எங்களை மன்னித்தார் என்று எழுத எனக்கு உரிமையில்லை. அதற்குப் பிறகும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கலியாண வீடுகளில் கண்டால் கையைப் பிடித்துச் சுகம் விசாரிப்பார். தம்பியின் திதியை இப்போது ஒவ்வொரு வருடமும் செய்கிறார். அன்று காலையில் என் கணவருடைய கைப்பேசிக்கு அழைப்பார், எனக்கு அல்ல. இவர் அதை எடுத்துக்கொண்டு பின் கதவால் வெளியே போவார். இரண்டு நிமிடம், கூடிப்போனால் மூன்று. என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.